முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் பக்கம், சாலையின் இரண்டு ஓரமும் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் இதில் வருகிறவர்கள் யார் யாரென்று பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். நான் பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருடங்கள் ஆன பிறகும், நான் வாயைத் திறந்தால் "அம்மிணிக்கு இந்தப் பக்கம் இல்லீங்களா?" என்று கேட்காதவர்கள் கிடையாது.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை ஆறரை மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பதினோரு மணிக்குக் கூட்டம் வடிந்துவிடும். அதற்குப் பிறகு மெஷின் அதன்பாட்டுக்கு ஓடும், நான் என்பாட்டுக்குக் கதை படிப்பேன். கதை என்றால் கொலைக் கதை. பத்தாவது படிக்கும்போது பிடித்த பைத்தியம் இது, இன்னும் விடவில்லை. "ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு கொலைக் கதை படிக்கிறியே, பாக்கறவங்க பயந்துக்க மாட்டாங்களா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஆனால் அந்த வருடம் எனக்கு ஒரு சலிப்பு வந்திருந்தது. இருபது முப்பது வருடமாக ஒரே மாதிரி கதை. பிணம் விழும், துப்பறிகிறவர் வருவார், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்துக் கையை நீட்டுவார். புத்தகத்தை மூடியதும் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. நேற்று வரை ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு மனுஷி இன்றைக்கு ஒரு உயிரை எடுக்கிறாள் என்றால், அந்த இரவில் அவள் என்ன யோசித்தாள்? மறுநாள் காலையில் பல் தேய்த்தாளா, காபி குடித்தாளா? அப்படி மனசுக்குள் இறங்கி எழுதுகிறவர்கள் யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. யார் என்றுதான் தெரியவில்லை.

தேடினேன். சேலத்தில் ஒரு பெரிய புத்தகக் கடையில் போய்க் கேட்டேன். "இலக்கியம் அந்த அலமாரிங்க, க்ரைம் இந்த அலமாரிங்க. ரெண்டும் கலந்ததுன்னு தனியா எதும் வெக்கறதில்லீங்க" என்றார் கடைக்காரர். பாவம், அவர் மேல் தப்பில்லை. போனில் தேடினால் ஆளுக்கொரு பட்டியல் போட்டிருந்தார்கள். பத்துப் பட்டியலிலும் அதே ஐந்து பெயர்கள், அதிலும் பாதி இங்கே கிடைக்காதவை. கடைசியில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த் தட்டில் கை வைத்தேன். குனிந்து உட்கார்ந்து எடுக்க வேண்டிய தட்டு அது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய மொழிபெயர்ப்புகளும் பெயர் கேள்விப்படாத தமிழ் எழுத்தாளர்களுமாக ஒரு முப்பது நாற்பது குற்ற நாவல்கள் அங்கே கிடந்தன. புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் புத்தகத்தை லேபில் உட்கார்ந்து ஆசையாகத் திறந்தேன். கதை தொடங்கும் பக்கத்தின் மேல் ஓரத்தில், பச்சை மையில், பட்டென்று எழுதியிருந்தது: "டாக்டர்தான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். "சித்தப்பா இல்லை. அத்தை." மூன்றாவதில், "தம்பி பொண்டாட்டி." நூலகத்திலேயே தரையில் உட்கார்ந்து அந்தத் தட்டு முழுவதையும் புரட்டினேன். பதினோரு புத்தகங்களில் கொலையாளியின் பெயர் முதல் பக்கத்திலேயே பச்சையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் குப்பை கொட்டுகிற குணம் இது என்று நினைத்தேன். தான் படித்து முடித்துவிட்டு, அடுத்தவன் சந்தோஷமாகப் படிக்கக் கூடாது என்று நினைக்கிற ஒரு அற்ப ஜென்மம். யாராக இருந்தாலும் விடக்கூடாது.

இத்தனை வருடம் படித்த துப்பறியும் வித்தையை எல்லாம் காட்ட வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்ற குஷியும் உள்ளூர இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வழி சுலபமாகவே கிடைத்தது. எங்கள் நூலகர் என் வயதுப் பெண்மணி, ரொம்பக் கறார். கிழிந்த புத்தகங்களுக்கு மைதாப் பசை காய்ச்சித் தானே ஒட்டுவார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியோடு, எடுத்தவரின் உறுப்பினர் எண்ணையும் எழுதி வைப்பார். பதினோரு தாள்களிலும் இருந்த எண்களை லேப் நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தேன். பல எண்கள் வந்து போயின. ஒரே ஒரு எண் மட்டும் பதினொன்றிலும் இருந்தது.

என் தொழிலில் எண் என்றால் ஆள். குழாயில் என்ன எண் ஒட்டியிருக்கிறதோ அது அந்த மனிதரின் ரத்தம், அதில் சந்தேகப்பட்டால் வேலையே நடக்காது. அதே கணக்கை இங்கேயும் போட்டேன். நோட்டைக் கொண்டுபோய் நூலகரிடம் நீட்டினேன். பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு புத்தகத்தையும் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர் அல்லவா? "சனிக்கிழமை பத்து மணிக்கு வருவாருங்க. ரொம்ப அமைதியான மனுசன். அவரா இப்படின்னு நம்பவே முடியலீங்க" என்றார்.

சனிக்கிழமை லேபில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சலவை செய்த வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், மழைக்குச் சுருட்டிய பேண்ட் கால். கையில் மஞ்சள் பை, அதற்குள் மூன்று புத்தகங்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு வந்து, புத்தகங்களை மேஜையில் வைத்தார். நூலகர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

மேல் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். இருந்தது, பச்சை மை. "இது உங்க கார்டுல எடுத்ததுதானே? எழுதினதும் நீங்கதானே? அடுத்தவங்க படிக்க வேணாமா? வயசுக்கு ஏத்த வேலையா இது?" என்று கேட்டேன். நிதானமாகக் கேட்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. அப்புறம், "என்ற கார்டுல போன புக்குதானுங்க. நாந்தான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து அந்த மூன்று புத்தகங்களின் மேல் வைத்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டார். நூலகர் அந்த அட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

அன்றைக்கு முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நடித்தே காட்டினேன். "ஒத்துக்கிட்டாரா? அவ்வளவு சுலபமாவா?" என்றார் அவர். அந்தக் கேள்வி எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் படிக்க வேறு கதை இல்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தப் பதினொன்றில் ஒன்றை எடுத்துப் போனேன். "அக்காதான் கொன்றது" என்று மேலே எழுதியிருந்த புத்தகம். தெரிந்த கதையில் என்ன இருக்கப் போகிறது என்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன். நாற்பதாவது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அக்கா தம்பிக்குச் சோறு பிசைந்து போடுகிற ஒரு காட்சி. இவள்தான் ஒரு நாள் அவனைக் கொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, சொல்லப்போனால் அவளுக்கே தெரியாது. அவள் மீனில் முள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு வரியும் என்னை உலுக்கியது. யார் என்று தெரியாமல் படித்திருந்தால் அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டுக் காட்சிதானே என்று தள்ளிவிட்டுப் போயிருப்பேன். நான் தேடி அலைந்த எழுத்து இதுதான்.

அப்போதுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பச்சை எழுத்தை மறுபடி பார்த்தேன். "அக்காதான் கொன்றது" என்பதற்குக் கீழே, சின்னதாக, வேறு கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "இருந்தாலும் படி."

வேறு கையெழுத்து. மறுநாளே நூலகத்துக்கு ஓடி மற்ற பத்தையும் எடுத்துப் பரப்பினேன். மை ஒன்றுதான். எழுத்து நாலைந்து விதம். ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருண்டையாக எழுதியிருந்தார். ஒருவருடைய எழுத்து ஓடுகிற வண்டியில் எழுதியது போலக் கோணிக்கொண்டு போயிருந்தது. கடைசித் தாளில் எண்களைக் கட்டம் போட்டுக் குறித்தவளுக்கு முதல் பக்கத்துக் கையெழுத்து கண்ணில் படவில்லை. ஒருவர்தான் செய்தார் என்று முடிவு செய்த பிறகு பார்த்தால் எப்படித் தெரியும்? இரண்டு புத்தகங்களில் "இருந்தாலும் படி" இருந்தது, மற்றவற்றில் இல்லை. அப்படியானால் அந்த மனிதர் ஏன் நான்தான் பொறுப்பு என்றார்? எழுதியவர்கள் யார்? எதற்காக எழுதினார்கள்? ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன், ஆனால் வேலையில் இரண்டு தரம் தப்பான குழாயை எடுத்துவிட்டுத் திருத்திக்கொண்டேன்.

நான் தேடிப் போவதற்குள் பதில் என் லேபுக்கே நடந்து வந்தது. ஒரு காலையில் சர்க்கரை பார்க்க ஒரு லாரி டிரைவர் வந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டாவது தரம் எடுப்பதற்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும், கலகலப்பான ஆள். என் மேஜை மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அட, இந்த புக்கா! இதுல அக்காகாரிதானுங்களே கொல்லுவா" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"முதல் பக்கத்துலயே போட்டிருக்குமே, பாக்கலீங்களா? அதுக்குக் கீழ 'இருந்தாலும் படி'ன்னு இருக்குமுங்க. அது நான் எழுதுனதுங்க" என்று சிரித்தார்.

என் கையில் பஞ்சு இருந்தது, அப்படியே நின்றுவிட்டேன். எதற்காக அப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல அவர் சொல்லத் தொடங்கினார்.

அவர் ஓட்டுகிற கம்பெனியின் லாரி ஷெட்டில் டிரைவர்கள் படுத்து எழுந்திருக்க ஒரு அறை இருக்கிறது. வண்டிகள் வரிசைப்படி லோடுக்குக் காத்திருக்கும். முறை வருவதற்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். ஷெட்டின் கேட்டைப் பார்த்துக்கொள்கிற ஒருவர், அவரும் முன்னாள் டிரைவர்தான், இவர்கள் சும்மா படுத்துப் போனையே நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் அட்டையில் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து அறையில் வைக்க ஆரம்பித்திருக்கிறார். சண்டை சச்சரவுள்ள கதைதான் ஓடுகிறது என்று தெரிந்ததும் கொலைக் கதையாகப் பார்த்து எடுத்துவந்தார். ஒரே சங்கடம், லோடு வந்துவிட்டது என்று கூப்பிட்டால் எண்பதாவது பக்கத்தில் இருந்தாலும் எழுந்து போக வேண்டும். புத்தகத்தை வண்டியில் கொண்டுபோக முடியாது. திரும்பிவரப் பத்து நாளோ இருபது நாளோ, அதற்குள் தேதி முடிந்து புத்தகம் நூலகத்துக்குப் போய்விடும்.

"ஒரு தடவை நான் நாக்பூருக்கு லோடு ஏத்திக்கிட்டு போறனுங்க. பாதிக் கதையில எந்திரிச்சுப் போனவன். கொன்னது எவன், கொன்னது எவன்னு அதே நெனப்பு. ஒரு வளைவுல எதுக்க வந்த வண்டியக் கடைசி நேரத்துலதான் பாத்தனுங்க. அப்புறம் ஓரங்கட்டிட்டு ஷெட்டுக்கு போன் பண்ணி அண்ணனக் கேட்டேன். நான் கதை பேரச் சொன்னதுமே அவரு 'தம்பி பொண்டாட்டிடா, போதுமா, ரோட்டப் பாத்து ஓட்டு'ன்னாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் போன் போட ஆரம்பித்துவிட்டார்களாம். கேட்டைத் திறப்பாரா, கதை சொல்வாரா? அதனால் அறையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் படித்து முடிக்கிறாரோ அவர் கொலையாளி யார் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பாதியில் எழுந்து போகிறவன் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிம்மதியாக வண்டியை எடுப்பான். வண்டிகள் வந்து போகிற விவரம் எழுதும் பதிவேட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பேனா ஒன்று நூல் கட்டித் தொங்குகிறது. அதைத்தான் எல்லோரும் எடுத்து எழுதுவது.

"பேரு தெரிஞ்சதும் நெறைய புக்கு செத்துப் போயிருமுங்க. தூக்கிப் போட்டுரலாம். சிலது மட்டும் தெரிஞ்ச பொறவுதான் புடிச்சு இழுக்கும். அதுக்குத்தானுங்க 'இருந்தாலும் படி'."

சேலத்துக் கடையிலும் போனிலும் தேடி எனக்குக் கிடைக்காத உரைகல், ஒரு லாரி ஷெட் அறையில் நூலில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் அடுத்த மூச்சிலேயே, "இப்ப மூணு வாரமா அறையில ஒரு புக்கும் இல்லீங்க. எந்த ஊர்க்காரம்மாவோ லைப்ரரில அண்ணனப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்களாமா" என்றார்.

"நான்தான் அது" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என்னையும் என் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மொதல்ல ரத்தத்த எடுங்க, மணி ஆயிருச்சு" என்று கையை நீட்டினார். ஒரே குத்தில் எடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானமே அந்த ஷெட்டைத் தேடிப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை, வாசலில் ஸ்டூல். அவர் பின்பக்கமாக வந்த ஒரு வண்டிக்கு வழி சொல்லி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை. உள்ளிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டு, "உக்காருங்க அம்மிணி" என்றார். அந்த மரியாதைதான் என்னை உடைத்துவிட்டது. அழுதேவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"என்னங்க சொல்றது? எழுதுனவங்க ஆளுக்கொரு தெசையில ரோட்டுல இருக்காங்க. அவங்க இல்லாத எடத்துல அவங்க பேர எப்படிங்க இழுக்கறது? அதுமில்லாம, லைப்ரரி புக்குல எழுதறது தப்புதானுங்களே. அது எனக்குந் தெரியும். பாத்தும் பாக்காம இருந்துட்டேன்" என்றார்.

அட்டையை வாங்கித் தருகிறேன், நூலகரிடம் நானே பேசுகிறேன், சனிக்கிழமை வாருங்கள் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அன்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவருடைய சம்பந்தியின் தம்பி. மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே மகள் வீட்டில் பேச்சாகிவிட்டது. 'உங்கப்பனை லைப்ரரில புடிச்சுட்டாங்களாமா' என்று மாமியார் கேட்டதாக, மகள் போனில் அழுதிருக்கிறாள். "முப்பது வருசம் ரோட்டுல இருந்தனுங்க. ஒருத்தன் என்னையக் கை நீட்டிப் பேசுனது கெடையாது. அந்தப் படி ஏற இன்னொரு தடவை கால் வராதுங்க" என்றார்.

நான் படித்த கதைகளில் உண்மை வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். அடுத்த சனிக்கிழமை அதே பத்து மணிக்கு நூலகத்துக்குப் போனேன். நூலகரிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிராயரிலிருந்து அட்டையை எடுத்து வெளியே வைத்திருந்தார். பேப்பர் படிக்கிற மேஜை முன் நின்று, போன தடவை கத்திய அதே குரலில், நான் சொன்னது தப்பு, அவர் எழுதவில்லை, விஷயம் இதுதான் என்று முழுவதும் சொன்னேன். சம்பந்தியின் தம்பியும் இருந்தார். "செரி செரி, விடுங்க, அதையப் போயி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். நான் பழி சொன்னபோது நிமிர்ந்த தலைகள் ஐந்தாறு. மன்னிப்புக் கேட்டபோது நிமிர்ந்தது இரண்டு. இது மகள் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. நானே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். "வேண்டாமுங்க, ஆறுனத நோண்ட வேண்டாம்" என்று அவர் தடுத்துவிட்டார்.

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நூலகத்துக்கு மட்டும் வரவில்லை. அதனால் அந்த வாரத்திலிருந்து அறைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன், என் அட்டையில்தான். புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. லேபில் மீந்த வெள்ளைத் தாள்களைச் சீட்டாக வெட்டி ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் வைத்துவிடுகிறேன். பெயரும் 'இருந்தாலும் படி'யும் அதில்தான் வரும்.

பெயரோடு நிற்காமல் சீட்டில் கேள்விகளும் வர ஆரம்பித்தன. ஒன்றில், "பக்கம் 143. அவ கதவை ஏன் சாத்தலே? சாத்தியிருந்தா தப்பிச்சிருப்பா" என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவர், "தப்பிக்க அவளுக்கு மனசில்லை" என்று எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். உண்மைதான், மனசில்லை. முதல் தடவை படித்தபோது எனக்குப் படவே இல்லை. சீட்டில் எனக்கும் இடம் விட்டிருந்தார்கள்: "லேப் அக்கா என்ன சொல்றாங்க?"

இந்த மூன்று வருடத்தில் அப்படிச் சல்லடை போட்டுச் சலித்து எங்களுக்கு நாலு எழுத்தாளர்கள் கிடைத்திருக்கிறார்கள். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஒருவர் கொலையைப் பத்து வரியில் முடித்துவிட்டு, மீதி முந்நூறு பக்கத்தில் அந்த வீட்டில் யார் யாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதுகிறவர். இன்னொருவர் பெண். அவர் கதையில் வரும் போலீஸ்காரர் புத்திசாலியே கிடையாது, ஆனால் எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டார். மூன்றாமவர் புத்தகம் வந்தால் சீட்டுக்கே வேலையில்லை, அவரே முதல் வரியில் கொலையாளியைச் சொல்லிவிடுவார். நாலாவது யாரென்று எங்களுக்கே தெரியாது. அட்டையும் முன்பக்கங்களும் போன ஒரு தமிழ்ப் புத்தகம். அண்ணனைக் கொன்ற தம்பி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் வேலைக்குப் போய்வருகிற கதை. அதை எழுதியவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பழைய புத்தகக் கடைகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஷெட் கேட்டில் அவரைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவோம். மகள் நன்றாக இருக்கிறாளாம், பேரன் பிறந்திருக்கிறான். புத்தகத்தை வாங்கித் துணியால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைப்பார். நூலகப் பேச்சை எடுத்தால் மட்டும் ஏதாவது வண்டிக்குக் கேட் திறக்கப் போய்விடுவார்.

சென்ற மாதம் எங்கள் நூலகர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இளவயது ஆண். நான் திருப்பிக் கொடுத்த மூன்று புத்தகங்களில் ஒன்றிலிருந்து ஒரு சீட்டு நழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தார். கொலையாளியின் பெயர் பச்சை மையில் இருந்தது. கடைசிப் பக்கத்துத் தாளைப் புரட்டினார், மற்ற இரண்டு புத்தகங்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் என் எண். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து, "எதுக்குங்க இது?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொன்னேன். கால் மணி நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். முடிவில் அவர் சிரித்துக்கொண்டே அந்தச் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று கேட்கப் புது நூலகருக்கு ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடியை அன்றைக்கு நான் கொடுத்திருந்தால், சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு மஞ்சள் பையோடு அவரே இந்தப் படியேறி வந்துகொண்டிருப்பார்.